காரைத் தூங்க விடுங்கள், அக்கா

அக்கா, நீங்கள் எழுதியிருந்தது இது. மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. 2023இல் வாங்கிய மின்சாரக் காரைச் சுங்கை சிப்புட்டில் உங்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் போனான். போகும்போது பேட்டரி 80 சதவீதம். ஐந்து வாரம் கார் நகரவில்லை. ஐந்தாவது வாரம் கைத்தொலைபேசிச் செயலியில் 68 சதவீதம் என்று காட்டியது. மறுநாள் செயலிக்குக் கார் பதிலே சொல்லவில்லை. சாவியை அழுத்தினால் கதவு திறக்கவில்லை. சார்ஜரைச் செருகியும் விளக்கு எரியவில்லை. பேட்டரி போய்விட்டது, மாற்றினால் பல பத்தாயிரம் ரிங்கிட் ஆகும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதிலிருந்து உங்களுக்குத் தூக்கமில்லை.

பயப்படாதீர்கள். 68 சதவீதம் இருந்த பெரிய பேட்டரி ஒரே இரவில் காலியாகாது. நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் காட்டுவது வேறொரு பேட்டரியை. போனட்டுக்குள் பெட்ரோல் காரில் இருப்பதுபோல 12 வோல்ட் பேட்டரி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இறங்கியிருப்பது அதுதான். அதை மாற்றச் சில நூறு ரிங்கிட் போதும்.

மின்சாரக் காருக்கு எதற்கு இன்னொரு சின்ன பேட்டரி என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. பெரிய பேட்டரி 300, 400 வோல்ட் கொண்டது. தொட்டால் உயிர் போகும். அதனால் காரை அணைத்ததும் அந்த மின்சாரம் பேட்டரிப் பெட்டியை விட்டு வெளியே வராதபடி கார் தானே துண்டித்துவிடும். மறுபடி இணைப்பது பெட்டிக்குள் இருக்கும் கனமான ரிலேக்கள், அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள். அந்த ரிலேக்களை இழுத்து மூடுவதற்கு 12 வோல்ட் வேண்டும். கதவுப் பூட்டு, திரை, கணினிகள், செயலியோடு பேசும் கருவி, சார்ஜர் செருகியதை உணரும் பகுதி எல்லாமே 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. குதிர் நிறைய நெல் இருக்கிறது, குதிரின் சாவி காணாமல் போய்விட்டது. உங்கள் காரின் நிலை அதுதான். சார்ஜரைச் செருகியும் ஒன்றும் நடக்காததற்கும் இதுவே காரணம். சார்ஜர் வந்து நிற்கிறது, கதவைத் திறக்க உள்ளே ஆள் விழித்திருக்கவில்லை.

நான் கேட்டதற்கு நீங்கள் சொன்ன வேறு சில விஷயங்களும் இருக்கின்றன. தம்பி, அதாவது உங்கள் மகன், சிங்கப்பூரிலிருந்து தினமும் நான்கைந்து முறை செயலியைத் திறந்து காரைப் பார்ப்பான். அத்தான் தினமும் காலையில் கார்க் கதவுகளைத் திறந்து காற்றுப் படவிட்டு, துடைத்து, மூடுவார். கார்ச் சாவி வாசல் சுவருக்கு உள்பக்கம், சாமி மேடைக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. காரில் டேஷ்கேம், அதாவது சாலையைப் படம்பிடிக்கும் கேமரா இருக்கிறது. நிறுத்தியிருக்கும்போதும் அது பதிவு செய்துகொண்டிருக்கும்.

உங்கள் காருக்கு என்ன நடந்தது என்பது இந்த நான்கிலேயே இருக்கிறது. கார் ஐந்து வாரம் சும்மா நின்றது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அது ஒருநாள்கூடச் சும்மா நிற்கவில்லை. அதை யாரும் தூங்கவிடவில்லை.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 12 வோல்ட் பேட்டரி 45 ஆம்பியர்-மணி கொண்டது, அதாவது ஓர் ஆம்பியர் வீதம் 45 மணி நேரம் கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். பூட்டப்பட்டு நன்றாக உறங்கும் கார் 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் எடுக்கும். ஒரு நாளுக்கு 0.72 ஆம்பியர்-மணி. 35 நாளுக்கு 25. புதிய பேட்டரி இதைத் தாங்கிவிடும், அதன்பிறகும் கதவு திறக்கும்.

தம்பி செயலியைத் திறக்கும் கணத்தில் காருக்குச் செய்தி போகிறது. கார் விழிக்கிறது. கணினிகள் ஒவ்வொன்றாக எழுந்து, பேட்டரி அளவையும் கதவுகளையும் பார்த்துப் பதில் அனுப்புகின்றன. பதில் அனுப்பியவுடன் அவை தூங்கிவிடுவதில்லை. இன்னும் ஏதாவது கேட்பார்களோ என்று சிறிது நேரம் காத்திருக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்கு 5 ஆம்பியர் என்று வைத்தால் 0.83 ஆம்பியர்-மணி. அதாவது ஒருமுறை எட்டிப் பார்ப்பதற்கு, கார் ஒரு முழு நாள் தூங்கச் செலவாகும் மின்சாரத்தைவிட அதிகம் போகிறது. தம்பியோ தினமும் நான்கைந்து முறை பார்த்திருக்கிறான். அவனைக் கோபிக்காதீர்கள். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு அது காரைப் பார்ப்பது மட்டுமில்லை, வீட்டு வாசலைப் பார்ப்பதும்தான். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று சொல்லுங்கள்.

அத்தான் கதவைத் திறக்கும்போதும் இதேதான். இந்தக் கார்கள் கதவு திறந்ததும் யாரோ ஓட்ட வருகிறார் என்று எண்ணிக்கொண்டு எல்லாவற்றையும் தயார் செய்யும். அவர் துடைத்து முடிக்கும்வரை கார் விழித்தே இருக்கும். வெளியே துடைக்கட்டும், அதில் தவறில்லை. கதவை மட்டும் தினமும் திறக்க வேண்டாம்.

சாவி. பையில் இருந்தாலே கதவு திறக்கும் வகைச் சாவி என்றால், காரும் சாவியும் ரேடியோ அலையில் ஒன்றையொன்று தேடும். சுவருக்கு இந்தப் பக்கம் சாவி, அந்தப் பக்கம் இரண்டு எட்டு தள்ளிக் கார் என்றால், சில கார்கள் சாவியின் நடமாட்டத்தை உணர்ந்து அடிக்கடி விழித்துக்கொள்ளும். சாவியின் பேட்டரியும் சீக்கிரம் தீரும். சாவியை வீட்டின் பின்பக்கத்து அறைக்கு மாற்றுங்கள். இறுக மூடும் தகர டின்னுக்குள் போட்டு வைத்தால் இன்னும் நல்லது; தகரம் அலையைத் தடுக்கும்.

கடைசியாக டேஷ்கேம். என் பட்டறைக்கு வரும் இத்தகைய கார்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான். 5 வாட் எடுக்கும் கருவி என்றால் ஒரு நாளைக்கு 120 வாட்-மணி. 12 வோல்ட் பேட்டரி முழுவதும் சேர்த்தே 540 வாட்-மணிதான். ஐந்து நாள் தாங்காது. பிறகு எப்படி ஐந்து வாரம் ஓடியது? பல மின்சாரக் கார்கள், சின்ன பேட்டரி இறங்குவதைக் கண்டால் தாமாகவே விழித்து, பெரிய பேட்டரியிலிருந்து அதை நிரப்பிக்கொள்ளும். உங்கள் காரும் அதைச் செய்திருக்கிறது. காணாமல் போன 12 சதவீதம் அதற்குச் சாட்சி. 60 கிலோவாட்-மணி பேட்டரியில் 12 சதவீதம் என்றால் 7.2 யூனிட். டேஷ்கேம் 35 நாளில் எடுத்தது 4.2 யூனிட், அதுவே 7 சதவீதம். லித்தியம் பேட்டரி தானாக இழப்பது மாதத்துக்கு ஒன்றிரண்டு சதவீதம். மீதி முழுவதும் விழித்தெழுந்ததற்கான செலவு. பெரிய பேட்டரியில் ஓட்டை எதுவும் இல்லை. அது சின்ன பேட்டரிக்கு ஊட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

அப்படி ஊட்டியும் சின்ன பேட்டரி விழுந்தது ஏன்? வயது. சின்ன பேட்டரி பெரும்பாலும் ஈய-அமில வகை. அதற்கு வெப்பம் ஆகாது. நம் ஊர் வெயிலில் பெட்ரோல் கார் பேட்டரி இரண்டு ஆண்டு உழைத்தால் நல்ல பேட்டரி என்போம். உங்களுடையது 2023 முதல் இருக்கிறது. மேலும் ஈய-அமில பேட்டரி பாதி இறங்கிய நிலையில் நாள்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகும். பிறகு நிரப்பினாலும் நிற்காது. பழைய குடத்தில் விரிசல் விழுந்தால் எத்தனை முறை தண்ணீர் ஊற்றினாலும் அதே கதைதானே. சில கார்களில் எத்தனை முறை தானாக நிரப்பலாம் என்பதற்கு வரம்பும் உண்டு. அது முடிந்ததும் கார் முயற்சியை நிறுத்திவிடும்.

மின்சாரக் கார் வைத்திருக்கும் எல்லாரிடமும் நான் சொல்லும் ஒன்று இருக்கிறது. பெட்ரோல் காரில் பேட்டரி சாகும் முன்பு சொல்லிவிட்டுச் சாகும். காலையில் சாவியைத் திருப்பினால் இழுத்து இழுத்துச் சுற்றும். அத்தான் காதாலேயே கண்டுபிடித்துவிடுவார். மின்சாரக் காரில் ஸ்டார்ட்டர் மோட்டாரே கிடையாது. ரிலேயை மூடக் கொஞ்சம் மின்சாரம் இருந்தால் போதும், கார் புதிது போல ஓடும். அந்தக் கொஞ்சமும் இல்லாத நாளில் ஒரேயடியாகப் படுத்துவிடும். நேற்றுவரை நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொல்வது பொய்யில்லை. அதனால்தான் 12 வோல்ட் பேட்டரியைச் சத்தம் கேட்டு மாற்றாமல், ஆண்டைக் கணக்கிட்டு மாற்றச் சொல்கிறேன்.

இப்போது காரை எழுப்புவது எப்படி? சாவியின் பக்கவாட்டில் சின்ன பொத்தானோ தாழ்ப்பாளோ இருக்கும். அதை நகர்த்தினால் உள்ளிருந்து ஓர் இரும்புச் சாவி வெளியே வரும். ஓட்டுநர் கதவுக் கைப்பிடியின் ஓரத்தில் ஒரு மூடி. அதை மெதுவாக நெம்பினால் சாவித்துளை தெரியும். திறந்து உள்ளே போய்ப் போனட் இழுப்பானை இழுங்கள். பெரும்பாலான கார்களில் இது வெறும் கம்பி இழுப்பு, மின்சாரம் வேண்டாம். சில கார்களில் போனட்டும் மின்சாரத்தில் திறப்பது. அதற்கு வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுக்கும் வழியைக் கையேட்டில் போட்டிருப்பார்கள்.

பிறகு ஜம்ப் ஸ்டார்ட்டர் எனப்படும் கையடக்கப் பேட்டரியை மாட்ட வேண்டும். சிவப்பு பேட்டரியின் கூட்டல் முனையில், கறுப்பு காரின் உடல் இரும்பில். சில நொடி காத்திருந்து பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினால், இருக்கைக்கு அடியிலிருந்து டொக், டொக் என்று கனமான சத்தம் கேட்கும். பெரிய பேட்டரியின் ரிலே மூடும் சத்தம் அது. அந்தச் சத்தம் வந்ததும் என் பட்டறையில் கார் உரிமையாளர்களின் முகம் மாறுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சென்ற தீபாவளி வாரத்தில் ஒரு காரில் 12 வோல்ட் முனைகளில் அளந்தபோது மானி 4 வோல்ட்தான் காட்டியது. கேபிளை மாட்டிய மறுநிமிடம் திரை எரிந்தது, பெரிய பேட்டரி 71 சதவீதம். அந்த அம்மா திரையைத் தொட்டுக் கும்பிட்டார்.

கார் ஓடத் தயார் என்று திரையில் வந்த பிறகு, அதே நிலையில் ஒரு மணி நேரமாவது விட்டுவிடுங்கள். அப்போதுதான் பெரிய பேட்டரி சின்னதை நிரப்பும். பிறகு பேட்டரியைச் சோதித்து, தேறாது என்றால் தயங்காமல் மாற்றுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. உங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரர்கள் இருக்கிறார்கள். நல்ல மனிதர்கள், கேட்டால் உடனே கேபிளோடு வருவார்கள். ஆனால் லோரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி வரிசையாக இணைந்து 24 வோல்ட் ஓடுகிறது. அதை உங்கள் காரில் மாட்டினால், சில நூறு ரிங்கிட்டில் முடியவேண்டியது பல ஆயிரம் ரிங்கிட் கணினிப் பலகைகளை எரித்துவிடும். உதவி கேட்பதாக இருந்தால் சாதாரணக் காரிடம் கேளுங்கள். எதிர்த்திசையிலும் அப்படியே: பக்கத்து வீட்டுப் பெட்ரோல் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று உங்கள் மின்சாரக் காரிலிருந்து கேபிள் கொடுக்காதீர்கள். பெட்ரோல் இஞ்சினைச் சுற்றத் தேவையான மின்னோட்டத்தைத் தாங்க அந்தச் சின்ன பேட்டரியும் அதன் சுற்றும் செய்யப்படவில்லை. போனட்டுக்குள் ஆரஞ்சு நிறத்தில் தடித்த கேபிள்கள் தெரியும். அவை உயர் வோல்ட் கேபிள்கள். கை வைக்க வேண்டாம். இழுத்துப் போகும் நிலை வந்தால், நான்கு சக்கரமும் மேலே ஏறும் தட்டையான வண்டியைக் கேளுங்கள். ஓட்டும் சக்கரம் தரையில் உருண்டால் மோட்டார் கெடும்.

தம்பி அடுத்து எப்போது வருவான் என்று தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். நிறுத்தும்போது பெரிய பேட்டரி 50, 60 சதவீதத்தில் இருக்கட்டும். லித்தியம் பேட்டரிக்கு இரண்டு விஷயம் சேர்ந்தால் ஆபத்து அதிகம்: நிறைய நிரம்பியிருப்பது, சூடாக இருப்பது. வெப்பம் 10 பாகை ஏறினால் உள்ளே பழுதாகும் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும். நம் ஊரில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. ஆகவே 100 சதவீதம் நிரப்பி மாதக்கணக்கில் வாசலில் நிறுத்துவது பேட்டரியின் ஆயுளைத் தின்னும். இதில் சிறு குழப்பம் வரும். தம்பியின் கார் இரும்பு-பாஸ்பேட் வகை என்றால், வாரம் ஒருமுறை 100 வரை நிரப்புங்கள் என்று கையேட்டில் போட்டிருக்கும். அது தினமும் ஓட்டுபவர்களுக்கு. அந்த வகைப் பேட்டரியில் வோல்ட் அதிகம் மாறாததால், முழுவதும் நிரம்பினால்தான் கார் தன் அளவைச் சரிபார்த்துக்கொள்ளும். நிறுத்தி வைக்கும் காருக்கு அது பொருந்தாது. ஊருக்கு வந்து மறுபடி ஓட்டத் தொடங்கும்போது 100 நிரப்பினால் போதும்.

10 சதவீதத்தில் நிறுத்திவிட்டுப் போவது இதைவிட மோசம். முற்றிலும் காலியாகி மாதக்கணக்கில் கிடந்தால் செல்களே கெட்டுப்போகும். பெரிய பேட்டரிக்கு நம் நாட்டில் பெரும்பாலும் 8 ஆண்டு, 160,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறார்கள். ஆனால் காலியாகவே போட்டு வைத்ததால் வந்த சேதத்துக்கு அது கைகொடுக்கும் என்று நம்பியிருக்காதீர்கள். அந்தப் பக்கத்தைத் தம்பியை ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள்.

டேஷ்கேமின் நிறுத்தக் கண்காணிப்பை அணைத்துவிடுங்கள். காரிலேயே காவல் காக்கும் கேமரா வசதி இருந்தால் அதையும். சில கார்களில் அது ஒரு நாளைக்குப் பத்து சதவீதம் வரை குடித்துவிடும். வெயிலில் நின்றால் தானாகக் குளிரூட்டியை ஓட்டும் வசதி இருந்தால் அதையும் அணையுங்கள்.

வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகும்போது அத்தானே எடுத்துக்கொண்டு போகட்டும். அவருக்கு இந்தக் காரை ஓட்டத் தயக்கம் என்றீர்கள். பக்கத்தில் யாராவது உட்கார்ந்து இரண்டு முறை சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்வார், கியர் மாற்றும் வேலையே இல்லை. ஓட்ட முடியாத வாரத்தில், பிரேக்கை மிதித்துக் காரை ஓடத் தயார் நிலைக்குக் கொண்டுவந்து முக்கால் மணி நேரம் விடலாம். பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை மட்டும் அழுத்தி வானொலி கேட்பது இதற்கு நேர் எதிர். பல கார்களில் அப்போது பெரிய பேட்டரி இணையாது, சின்ன பேட்டரி மட்டும் உழைத்துத் தீரும். ஓட்டிவிட்டு வருவதில் இன்னொரு நன்மையும் உண்டு: மழையில் துருப்பிடித்த பிரேக் தட்டு சுத்தமாகும், டயர் ஒரே இடத்தில் அமுங்காது.

இரண்டு மாதத்துக்கு மேல் வீட்டில் யாருமே இருக்கமாட்டீர்கள் என்றால் 12 வோல்ட் பேட்டரியின் கழித்தல் கம்பியைக் கழற்றி வைக்கலாம். கையேடு அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். போனட் கம்பியில் திறக்கும் கார் என்றால் மட்டுமே செய்யுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வந்து மாட்ட வழி இருக்காது.

சார்ஜரைச் செருகியே வைத்துவிட்டால் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். சில நிறுவனங்கள் அப்படித்தான் சொல்கின்றன. தனி இணைப்பு போட்டு, கசிவு மின் துண்டிப்பானும் இடி காப்பும் வைத்த சுவர்ச் சார்ஜர் என்றால் எனக்கும் ஆட்சேபமில்லை. உங்கள் வீட்டில் இருப்பது சாதாரண மூன்று முனை செருகி. வீடு கட்டியபோது போட்ட கம்பி அப்படியே இருக்கிறது என்கிறீர்கள். மாலை ஆனால் இடி இடிக்கும் ஊரில், யாரும் கவனிக்காத செருகியில் வாரக்கணக்கில் காரை மாட்டி வைக்க நான் சம்மதிக்கமாட்டேன். செருகியைத் தொட்டுப் பாருங்கள். சார்ஜ் ஏறும்போது கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் அன்றே நிறுத்திவிட்டு, எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். செருகி வைத்தாலும் எல்லாக் கார்களும் 12 வோல்ட்டை நிரப்புவதில்லை என்பதையும் மனத்தில் வையுங்கள்.

பேட்டரியோடு சேராத ஒன்று, ஆனால் நம் ஊரில் தவிர்க்க முடியாதது: எலி. உங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே செம்பனை. தோட்டத்தில் கூகைக்குக் கூடு கட்டி வைப்பதே எலிக்காகத்தான். நகராத காரின் போனட்டுக்குள் காய்ந்த ஓலை நார், கடித்த செம்பனைப் பழம், நூல்போல உரிந்த கம்பி உறை எல்லாம் பார்த்திருக்கிறேன். ஒரு கம்பியைக் கடித்துவிட்டால் கார் தூங்காமல் விழித்துக்கொண்டே இருப்பதும் நடக்கும். வாரம் ஒருமுறை போனட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். இரவில் போனட்டைச் சிறிது திறந்து வைத்தால் இருட்டு போதாமல் எலி கூடு கட்டாது என்பார்கள். திறந்த போனட்டும் சில கார்களை விழிக்க வைக்கும், அதனால் அதைச் செய்ய வேண்டாம்.

தம்பி வரும் வாரம் முதல் வேலையாக மல்டிமீட்டர் எனப்படும் வோல்ட் அளக்கும் மானி உள்ள யாரையாவது கொண்டு 12 வோல்ட் பேட்டரியை அளந்துவிடுங்கள். காரைப் பூட்டி நான்கைந்து மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். ஈய-அமில பேட்டரியில் 12.6க்கு மேல் என்றால் நன்றாக நிரம்பியிருக்கிறது. 12.2 என்றால் பாதி. 11.8க்குக் கீழே என்றால் காலி. புது பேட்டரி வாங்கும்போது பழையதன் அளவும் வகையும் ஒன்றாகவே இருக்கட்டும். பேட்டரி மேலேயே எழுதியிருக்கும், கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள். சில கார்களில் அது ஈயமில்லாமல் லித்தியம் 12 வோல்ட்டாக இருக்கும். அதற்குப் பதிலாகச் சாதாரண பேட்டரி போடக்கூடாது. வாங்கிய தேதியைப் பேட்டரியின் மேல் மார்க்கர் பேனாவால் எழுதி வையுங்கள்.